எஃப்ஆர்ஆர் ரௌட்டிங் மென்பொருள்: பிஜிபிக்கு நம்பலாம், சந்துகளில் கவனம் தேவை

லினக்ஸ் கணினியை ரௌட்டராக்கும், அதாவது பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) போகும் பாதையைத் தேர்ந்தெடுக்க வைக்கும் எஃப்ஆர்ஆர், காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல. ஜிபிஎல் உரிமத்தில் வரும் இலவச மென்பொருள். ஆனால் அதைக் கற்கவும் பராமரிக்கவும் ஆகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த நேரத்துக்கு அது தகுமா என்பதுதான் இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான பிஜிபிக்காக எடுக்கிறீர்கள் என்றால் தயங்க வேண்டாம். உள் வலையமைப்புக்கான நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்புக்கும் தாராளமாக நம்பலாம். அதே வேலையைச் செய்யும் ஐஎஸ்-ஐஎஸ் பரவாயில்லை. ஈஐஜிஆர்பி போன்ற பிற நெறிமுறைகளைச் சோதனைக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதை ஓட்டினாலும், பாதையைத் தேர்ந்தெடுக்கும் வேலை மூன்று அடுக்குகளில் (ஒவ்வொரு நெறிமுறைக்குள்ளும், நெறிமுறைகளுக்கு இடையில், கடைசியில் கெர்னலில்) நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வம்சாவளி சுருக்கமாக: 1996-இல் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கிய ஜீப்ரா, அதிலிருந்து பிரிந்த குவாகா, குவாகாவிலிருந்து பிரிந்து 2017-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் முதல் பதிப்பை வெளியிட்ட எஃப்ஆர்ஆர். குமுலஸ் லினக்ஸ், சோனிக், வையோஸ் ஆகிய வலையமைப்பு இயங்குதளங்களின் உள்ளே ஓடுவதும் இதுதான். ஆகவே இதை நேரடியாகத் தொடாதவர்களும் வேறு பெயரில் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

அமைப்பும் நிறுவலும்

ஒவ்வொரு நெறிமுறைக்கும் ஒரு தனி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்). பிஜிபிக்கு பிஜிபிடி, ஓஎஸ்பிஎஃப்புக்கு ஓஎஸ்பிஎஃப்டி, கையால் எழுதும் நிலையான பாதைகளுக்கு ஸ்டாட்டிக்டி. எல்லாம் தங்கள் முடிவுகளை ஜீப்ரா என்ற நடு டீமனிடம் ஒப்படைக்கின்றன. ஜீப்ரா அவற்றில் ஒன்றைப் பொறுக்கி லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஏற்றுகிறது. உண்மையில் பாக்கெட்டைக் கடத்துவது கெர்னல்தான். எஃப்ஆர்ஆர் ஒரு பாக்கெட்டைக்கூடத் தொடுவதில்லை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நிறுவியதும் பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் எதுவும் ஓடாது. அமைப்பு அடைவில் உள்ள ‘டீமன்ஸ்’ என்ற கோப்பைத் திறந்து வேண்டியவற்றுக்கு எதிரே உள்ள ‘நோ’வை ‘யெஸ்’ ஆக்கி, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு, எஃப்ஆர்ஆரின் கட்டளை முனையான விடிஒய் ஷெல்லில் ‘ரௌட்டர் பிஜிபி’ என்று அடித்தால் பிழைச் செய்தி வருகிறதே என்று தேடுபவர்கள் ஏராளம். அடுத்தது, கெர்னலில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஃபார்வர்டிங்கை (வந்த பாக்கெட்டை மறுபக்கம் கடத்தும் வசதியை) இயக்க வேண்டும். அது அணைந்திருந்தால் அட்டவணை முழுக்கப் பாதைகள் அழகாக நிற்கும், பாக்கெட் மட்டும் நகராது.

நிறுவும்போதே இன்னும் சில கெர்னல் அளவுருக்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஆர்பி-ஃபில்டர் 1 என்றிருந்தால் கண்டிப்பு முறை: பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸில் (கம்பி சேரும் முனையில்) வந்ததோ, அதே வழியாகத்தான் அதை அனுப்பியவருக்குத் திரும்பும் பாதையும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கெர்னல் சத்தமில்லாமல் பாக்கெட்டை எறிந்துவிடும். இணையத்துக்குப் போகும் இரண்டு மேல்நிலை இணைப்புகள் உள்ள இடத்தில் போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருப்பது இயல்பு. அங்கே 2 (தளர்வு முறை) அல்லது 0 (சோதனை இல்லை) வையுங்கள். ‘ஆல்’ என்பதற்கும் அந்த இன்டர்ஃபேஸுக்கும் உள்ள மதிப்புகளில் எது பெரியதோ அதுவே செல்லும் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. ஐபிவி6 பக்கம், இன்டர்ஃபேஸ் அணைந்து எழும்போது முகவரிகள் பறிபோகாமல் இருக்க ‘கீப் அட்ரஸ் ஆன் டவுன்’ என்பதை 1 ஆக்குங்கள்.

மூன்று அடுக்குத் தேர்வு

பாக்கெட் வரும்போது முதல் விதி எப்போதும் ஒன்றுதான்: மிக நீளமான பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி; சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் அதன் நீளம்) வெல்லும். 10.1.0.0/16 ஒரு பக்கமும் 10.1.5.0/24 இன்னொரு பக்கமும் காட்டினால், 10.1.5.9-க்குப் போகும் பாக்கெட் /24 காட்டும் பக்கம்தான் போகும். அந்த /24 மெதுவான இணைப்பில் இருக்கிறதா, எந்த நெறிமுறையிலிருந்து வந்தது, அதன் செலவு எவ்வளவு என்பதெல்லாம் இங்கே கணக்கிலேயே வராது. 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது இதற்குப் பெயர்போன சாட்சி. யூடியூப் 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தபோது பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்று அறிவித்தது. உலகமெங்கும் ரௌட்டர்கள் நீளமான /24-ஐ எடுத்துக்கொண்டன. யூடியூப் முதலில் அதே /24-ஐயும், பிறகு அதைவிட நீளமான இரண்டு /25-களையும் அறிவித்துப் போக்குவரத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. பாதைத் தேர்வில் என்னென்னவோ அளவுகோல்கள் இருந்தாலும், அவையெல்லாம் ஒரே நீள பிரிஃபிக்ஸ்களுக்கு இடையில்தான்.

ஒரே பிரிஃபிக்ஸை இரண்டு நெறிமுறைகள் கொண்டுவந்தால் ஜீப்ரா ‘டிஸ்டன்ஸ்’ பார்க்கும். நேரடியாக இணைந்தது 0, நிலையான பாதை 1, வெளி பிஜிபி (பிற வலையமைப்பிடமிருந்து வந்தது) 20, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ஐஎஸ்-ஐஎஸ் 115, ஆர்ஐபி 120, உள் பிஜிபி (சொந்த வலையமைப்புக்குள்ளிருந்து வந்தது) 200. சிறிய எண் வெல்லும். இது தூரமே அல்ல. எந்தச் செய்தியாளரை எவ்வளவு நம்புவது என்பதற்கான தரவரிசை. ஓஎஸ்பிஎஃப்பின் செலவையும் பிஜிபியின் எம்இடியையும் (அண்டை வலையமைப்பு தன் வாசல்களுக்குக் கொடுக்கும் மதிப்பு) பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. ‘ஷோ ஐபி ரூட்’ வெளியீட்டில் சதுர அடைப்புக்குள் 110/20 என்று வந்தால் முன்னது டிஸ்டன்ஸ், பின்னது அந்த நெறிமுறைக்குள்ளான செலவு.

அந்த வெளியீட்டின் ஓரத்தில் வரும் குறிகளைப் படிக்கப் பழகிக்கொண்டால் எஃப்ஆர்ஆரின் அருமை புரியும். வலப்பக்க அம்புக்குறி, ஜீப்ரா இதைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு. நட்சத்திரம், கெர்னலில் ஏறிவிட்டது என்பதற்கு. அம்பு இருந்து நட்சத்திரம் இல்லையென்றால் தேர்வு முடிந்தும் ஏற்றம் நடக்கவில்லை. சின்ன ‘க்யூ’ நின்றால் வரிசையில் காத்திருக்கிறது. சின்ன ‘ஆர்’ நின்றால் கெர்னல் மறுத்துவிட்டது. மூன்று அடுக்கில் எது கோளாறு என்று இந்த ஓரக்குறிகளே சொல்லிவிடும்.

இனி, எஃப்ஆர்ஆரில் அதிகம் பேரைக் கவிழ்க்கும் சந்து. டிஹெச்சிபி கிளையன்ட் (ஐபி முகவரியைத் தானாக வாங்கித் தரும் நிரல்) போன்ற வேறு நிரல் கெர்னலில் நேரடியாகப் போட்ட பாதையை ஜீப்ரா ‘கெர்னல் பாதை’ என்று படித்துக்கொள்கிறது. அந்தப் பாதையின் 32 பிட் மெட்ரிக்கில் (கெர்னலில் பாதைக்குக் கொடுக்கும் எண், சிறியது வெல்லும்) மேல் 8 பிட்டை டிஸ்டன்ஸாகவும் மீதி 24 பிட்டைச் செலவாகவும் எடுத்துக்கொள்கிறது. மெட்ரிக் 100 என்று போட்டிருந்தால் மேல் பிட்டுகள் எல்லாம் பூஜ்யம். ஆகவே டிஸ்டன்ஸ் 0. பிஜிபி வழியாக வந்த டீஃபால்ட் பாதை (வேறெதுவும் பொருந்தாதபோது பயன்படுவது) 20-தானே, அது தோற்றுப்போகும். ‘மெட்ரிக் 100 கொடுத்துப் பின்னுக்குத் தள்ளிவிட்டேனே’ என்று வாதாடிப் பயனில்லை. உண்மையிலேயே பின்னுக்குத் தள்ள 4278198272 என்று கொடுக்க வேண்டும். அதில் மேல் எட்டு பிட்டுகள் 255, கீழே 8192. இதைவிட நேரான வழி, டிஹெச்சிபி கிளையன்ட் டீஃபால்ட் பாதையே போடாமல் தடுத்துவிட்டு அந்த வேலையை ஸ்டாட்டிக்டியிடம் விடுவது. எஃப்ஆர்ஆர் தன் பாதைகளையெல்லாம் கெர்னலில் மெட்ரிக் 20-உடன்தான் ஏற்றும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய மெட்ரிக்கில் யாராவது அதே பிரிஃபிக்ஸைக் கையால் போட்டால், போக்குவரத்து அந்தப் பக்கம் போய்விடும்.

மாற்றுப் பாதையாக 250 டிஸ்டன்ஸில் ஒரு நிலையான பாதையை வைப்பது வழக்கம். சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் இன்டர்ஃபேஸ் விழுந்தாலோ அடுத்த தாவல் (பாக்கெட்டை ஒப்படைக்க வேண்டிய அடுத்த ரௌட்டர்) முகவரிக்கு வழி இல்லாமல் போனாலோதான் ஒரு நிலையான பாதை விலகும். நடுவில் ஒரு சுவிட்ச் இருந்து, அதற்கு அப்பால் கம்பி அறுந்தால் இதற்குத் தெரியாது. புதிய பதிப்புகளில் நிலையான பாதைக்கும் பிஎஃப்டி (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் நெறிமுறை) காவலை இணைக்கலாம், இணைத்துவிடுங்கள்.

ஓஎஸ்பிஎஃப்

இதில் ஆச்சரியங்கள் குறைவு, அதுவே பாராட்டு. ஒரு பகுதிக்குள் (ஏரியா) உள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு டைக்ஸ்ட்ரா முறையில் மொத்தச் செலவு குறைந்த பாதையைக் கணக்கிடுகிறது. மாற்றம் வந்ததும் கணக்கு உடனே தொடங்கும்; அடுத்தடுத்து மாற்றங்கள் வந்தால் 50 மில்லி விநாடியில் தொடங்கி 5 விநாடி வரை இடைவெளி தானாக நீளும். அடிக்கடி விழுந்து எழும் ஒரு இணைப்பு சிபியுவைத் தின்றுவிடாமல் இருக்க இது.

கவனிக்க வேண்டிய முதல் விஷயம் செலவுக் கணக்கின் அடிப்படை. இயல்பாக 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது செலவு. 1-க்குக் கீழே போகாது. எனவே 100 மெகாபிட், 1 கிகாபிட், 10 கிகாபிட் மூன்றுக்கும் செலவு 1. பத்து கிகாபிட் வழியாக இரண்டு தாவலில் போகக்கூடிய போக்குவரத்து, நூறு மெகாபிட் வழியாக ஒரே தாவலில் நெரிபட்டுப் போகும். ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித்’ என்பதை 100000 ஆக்கினால் 100 கிகாபிட்டுக்கு 1, 10 கிகாபிட்டுக்கு 10, 1 கிகாபிட்டுக்கு 100 என்று பிரியும். பகுதியில் உள்ள எல்லா ரௌட்டர்களிலும் இதையே வைக்க வேண்டும். பாதியில் மாற்றி மீதியில் விட்டால் ஒரே கம்பிக்கு இரு முனையிலும் வெவ்வேறு செலவு தெரியும். போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்று என்று ஆகும். மெய்நிகர் இன்டர்ஃபேஸ்கள் சில தங்கள் வேகத்தைச் சரியாகச் சொல்வதில்லை. அங்கே தானியங்கிக் கணக்கை நம்பாமல் செலவைக் கையாலேயே எழுதிவிடுவது மேல்.

அண்டை ரௌட்டருடன் உறவு ‘எக்ஸ்-ஸ்டார்ட்’ அல்லது ‘எக்ஸ்சேஞ்ச்’ நிலையிலேயே நின்றுவிட்டால் வேறெங்கும் தேடாமல் இருபுறமும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஒன்றா என்று பாருங்கள். சுரங்க இணைப்புகளில் இது சகஜம். எம்டியுவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் கட்டளை இருக்கிறது. அது உறவை ஏற்படுத்திவிடும், ஆனால் பிறகு பெரிய பாக்கெட்டுகள் தொலைந்துகொண்டிருக்கும். எம்டியுவைச் சரிசெய்வதே வைத்தியம். உறவே தொடங்கவில்லை என்றால் ஹலோ (உயிர்ச்செய்தி இடைவெளி) 10 விநாடி, டெட் (கைவிடும் நேரம்) 40 விநாடி என்ற இயல்பு மதிப்புகள் இருபுறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிஸ்கோவிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ‘நெட்வொர்க்’ வரியில் இங்கே வைல்டுகார்டு மாஸ்க் கிடையாது, சாய்கோட்டுக்குப் பின் நீளம்தான். இன்டர்ஃபேஸில் உள்ள முகவரித் தொகுதி அந்த வரிக்குள் முழுமையாக அடங்க வேண்டும், 192.168.1.0/24 என்று எழுதினால் 192.168.1.1/23 உள்ள இன்டர்ஃபேஸ் சேராது. அடுத்தது, இன்டர்ஃபேஸுக்குக் கீழே ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் ஏரியா’ எழுதுவது ஒரு முறை, ‘நெட்வொர்க்’ வரி இன்னொரு முறை. இரண்டையும் கலக்க எஃப்ஆர்ஆர் விடாது. இன்டர்ஃபேஸ் முறையே தெளிவானது. இரண்டே ரௌட்டர்கள் இருக்கும் கம்பியில் ‘பாயின்ட்-டு-பாயின்ட்’ என்றும் எழுதிவிடுங்கள். தலைமை ரௌட்டர் தேர்தல் தேவையில்லாமல் நடக்காது.

வெளியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவரும் பாதைகள் இயல்பாக இரண்டாம் வகையாக, செலவு 20-உடன் வரும். இரண்டாம் வகையில் உள்ளே பயணிக்கும் செலவு கூட்டப்படாது. வெளிச் செலவு சமமாக இருக்கும்போது மட்டுமே எந்த வாசல் அருகில் என்று பார்க்கப்படும். இரு வாசல்களில் ஒன்றின் செலவை 21 ஆக்கினால், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ரௌட்டர்கூட வலையமைப்பின் மறுகோடிக்குப் போகும். அப்படி வேண்டாம் என்றால் முதல் வகைக்கு மாற்றுங்கள்.

பிஜிபி: இதற்காகத்தான் எஃப்ஆர்ஆர்

ஒரே பிரிஃபிக்ஸுக்குப் பல பாதைகள் வந்தால் பிஜிபிடி ஒரு நீண்ட படிவரிசையில் இறங்குகிறது. முதலில் வெயிட், பெரியது வெல்லும்; இது அந்த ஒரு ரௌட்டருக்குள் மட்டும் செல்லும் எண். பிறகு லோக்கல் ப்ரெஃபரன்ஸ் (சொந்த வலையமைப்பு முழுக்கச் செல்லும் விருப்ப எண்), பெரியது வெல்லும், இயல்பு 100. அடுத்து, இந்த ரௌட்டரிலேயே பிறந்த பாதையா என்ற கேள்வி. அதன் பிறகே ஏஎஸ் பாத் நீளம், அதாவது வழியில் எத்தனை ஏஎஸ் (தனி நிர்வாகத்தில் உள்ள வலையமைப்பு) என்ற கணக்கு. பிறகு ஆரிஜின் (பாதை பிஜிபிக்குள் எப்படி வந்தது என்ற குறி), பிறகு எம்இடி, பிறகு உள் பிஜிபியைவிட வெளி பிஜிபிக்கு முன்னுரிமை, பிறகு அடுத்த தாவலை அடைய ஆகும் உள் வலையமைப்புச் செலவு. இவ்வளவிலும் சமன் என்றால், ஏற்கெனவே தேர்வாகி நிற்கும் வெளிப் பாதை, ரௌட்டர் ஐடி, கிளஸ்டர் பட்டியலின் நீளம், கடைசியில் அண்டை முகவரி.

இந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல் செய்திருப்பதுதான் எஃப்ஆர்ஆரில் மிகவும் பிடித்த அம்சம். ‘ஷோ பிஜிபி ஐபிவி4 யூனிகாஸ்ட் 203.0.113.0/24’ என்று ஒரு பிரிஃபிக்ஸைக் குறிப்பிட்டுக் கேட்டால், வென்ற பாதையின் அருகே ‘பெஸ்ட்’ என்பதோடு எந்தப் படியில் வென்றது என்பதையும் போடுகிறது: ஏஎஸ் பாத், லோக்கல் ப்ரெஃபரன்ஸ், ரௌட்டர் ஐடி, பழைய பாதை, இப்படி. ‘பழைய பாதை’ என்று வந்தால் உஷாராகுங்கள். முதலில் வந்ததால் வென்றிருக்கிறது என்று பொருள். நாளை இணைப்பு ஒருமுறை அறுந்து ஒட்டினால் போக்குவரத்து மறுபக்கம் மாறி அங்கேயே நிற்கும். எப்போதும் ஒரே பதில் வேண்டும் என்றால் ‘பிஜிபி பெஸ்ட்பாத் கம்பேர்-ரௌட்டரிட்’ எழுதுங்கள், அல்லது லோக்கல் ப்ரெஃபரன்ஸால் தெளிவாக முடிவுசெய்துவிடுங்கள். பின்னது மேல்.

ஏஎஸ் பாத் நீளத்தை வேகத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஏஎஸ் என்பது ஒரு அறையாகவும் இருக்கலாம், கண்டம் முழுக்கப் பரவிய வலையமைப்பாகவும் இருக்கலாம். மேலும், உள்ளே வரும் போக்குவரத்தைத் திருப்ப உங்கள் ஏஎஸ் எண்ணை ஏஎஸ் பாத்தின் முன்னால் மூன்று முறை ஒட்டினாலும், எதிர்முனையில் இருப்பவர் உங்களுக்கு உயர்ந்த லோக்கல் ப்ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தால் அந்த ஒட்டு வேலைக்கே ஆகாது. அது இரண்டு படி கீழே இருக்கிறது. உங்களுக்கு இணைப்பு தரும் மேல்நிலை நிறுவனம் பிஜிபி கம்யூனிட்டி (பாதையோடு ஒட்டி அனுப்பும் குறிச்சொல்) வழியாக லோக்கல் ப்ரெஃபரன்ஸை மாற்ற இடம் கொடுக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உருப்படியான வழி.

உள் வலையமைப்புச் செலவு என்ற படி இன்னொரு சந்து. இரண்டு வாசல்களிலிருந்தும் சமமான பிஜிபி பாதை வந்தால் அருகில் உள்ள வாசல் வெல்லும். அருகில் என்பதை முடிவுசெய்வது ஓஎஸ்பிஎஃப். எனவே பராமரிப்புக்காக ஒரு கம்பியின் ஓஎஸ்பிஎஃப் செலவை உயர்த்தினால், பிஜிபியில் கையே வைக்காமல் லட்சக்கணக்கான பாதைகள் வாசல் மாறும். வெளி பாரத்தைக் கணக்கிட்ட பிறகே அந்தக் கட்டளையை அடிக்க வேண்டும்.

பாதை வந்திருக்கிறது, ஆனால் தேர்வாகவே இல்லை என்றால் அடுத்த தாவலைப் பாருங்கள். உள் பிஜிபியில் அடுத்த தாவல் முகவரி மாறாமல் வெளி அண்டையின் முகவரியாகவே உள்ளே வரும். அந்த முகவரி உங்கள் ஓஎஸ்பிஎஃப்பில் இல்லையென்றால், ‘அணுக முடியாதது’ என்று குறித்து பிஜிபிடி அதை ஒதுக்கிவைக்கும். எல்லை ரௌட்டரில் ‘நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப்’ எழுதினால் தீர்ந்தது.

பாதுகாப்பு இயல்புகளை 7.4 பதிப்பில் இறுக்கினார்கள். ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்வதுபோல், வெளி அண்டைக்கு உள்வரும் கொள்கையும் வெளிச்செல்லும் கொள்கையும் எழுதாதவரை ஒரு பாதையும் ஏற்கப்படாது, அனுப்பப்படாது. அமர்வு எழுந்து நிற்கும், சுருக்கப் பட்டியலில் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் ‘பாலிசி’ என்று மட்டும் வரும். புதிதாக வருபவர்கள் பிழை என்று நினைத்து அந்தக் காவலையே அணைத்துவிடுகிறார்கள். வேண்டாம். இரண்டு ரூட்-மேப் (எந்தப் பாதையை ஏற்பது, எதை மறுப்பது என்ற விதிப் பட்டியல்) எழுதுவது பத்து நிமிட வேலை; உங்கள் மேல்நிலை நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கிய உலகப் பாதைகளையெல்லாம் இன்னொன்றிடம் கொட்டிவிடும் விபத்திலிருந்து அது காப்பாற்றும். அதே 7.4 முதல், ‘நெட்வொர்க்’ வரியில் எழுதும் பிரிஃபிக்ஸ் ஜீப்ராவின் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால்தான் அறிவிக்கப்படும். தொகுத்த பெரிய பிரிஃபிக்ஸை அறிவிக்க விரும்புபவர்கள் அதற்கு ‘நல்0’ (பாக்கெட்டை எறிந்துவிடும் போலி இன்டர்ஃபேஸ்) நோக்கி ஒரு நிலையான பாதை போட்டுவிடுவார்கள்.

ரூட்-மேப் எழுதும்போது அதன் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘எல்லாவற்றையும் மறு’ விதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். இல்லாத ஒரு ரூட்-மேப்பின் பெயரை அண்டைக்குக் கொடுத்தாலும் எல்லாமே மறுக்கப்படும் என்பது சிலருக்கே தெரியும். ஒரு எழுத்துப் பிழை போதும், அந்த அண்டையிடமிருந்து வரும் பாதைகள் பூஜ்யமாகிவிடும். நல்லவேளையாக இது பாதுகாப்பான பக்கம் சாயும் தவறு. ரூட்-மேப்பை மாற்றிவிட்டு உடனே பலன் தெரியவில்லை என்று பதறவும் வேண்டாம். மாற்றங்களைச் சேர்த்துச் செயல்படுத்த இயல்பாக 5 விநாடி காத்திருக்கும்.

சம மதிப்புள்ள பல பாதைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதில் எஃப்ஆர்ஆர் தாராளம். பிற ரௌட்டர்கள் பலவற்றில் இயல்பாக ஒரே பாதைதான். இங்கே கேட்காமலேயே பல பாதைகள் ஏறும். அண்டைகள் வெவ்வேறு ஏஎஸ் என்றால் மட்டும் ‘மல்டிபாத்-ரிலாக்ஸ்’ என்று தனியாக எழுத வேண்டும். எந்த பாக்கெட் எந்தக் கம்பியில் போகும் என்பதை முடிவுசெய்வது மறுபடியும் கெர்னல். அதன் இயல்புக் கணக்கு அனுப்புபவர், பெறுபவர் ஐபி முகவரிகளை மட்டும் பார்க்கும். இரண்டு சேமிப்புச் சேவையகங்களுக்கு இடையில் நூறு இணைப்புகள் ஓடினாலும் எல்லாம் ஒரே கம்பியில் போய், பக்கத்துக் கம்பி சும்மா கிடக்கும். மல்டிபாத் ஹேஷ் கொள்கையை 1 ஆக்கினால் போர்ட் எண்களும் கணக்கில் சேர்ந்து பாரம் பிரியும்.

வேகமும் வன்பொருளும்

பாரம்பரிய இயல்பு அமைப்பில் பிஜிபி உயிர்ச்செய்தி 60 விநாடி, கைவிடும் நேரம் 180 விநாடி. மூன்று நிமிடம் போக்குவரத்து பள்ளத்தில் விழுவதை யாரும் பொறுக்க மாட்டார்கள். ‘டேட்டாசென்டர்’ இயல்பு அமைப்புக்கு மாறினால் 3, 9 விநாடி. பொதுவாக டைமர்களைச் சுருக்குவதைவிட பிஎஃப்டியை இயக்குவதே சரி: 300 மில்லி விநாடிக்கு ஒரு செய்தி, மூன்று தவறினால் இணைப்பு செத்தது, ஆக 900 மில்லி விநாடி. மெய்நிகர் இயந்திரங்களில் இதைவிடக் குறைக்காதீர்கள். அவற்றை ஓட்டும் ஹைப்பர்வைசர் ஒரு கணம் வேறு வேலையில் மூழ்கினால் நல்ல இணைப்பும் விழும்.

முழு இணைய அட்டவணை இப்போது ஐபிவி4-இல் ஏறத்தாழ பத்து லட்சம் பிரிஃபிக்ஸ். 2014 ஆகஸ்டில் அது 5,12,000-ஐத் தொட்டபோது பழைய வன்பொருள் ரௌட்டர்கள் சில திணறியதுபோல ஒரு வரம்பு இங்கே கிடையாது. நினைவகம் இருக்கும்வரை தாங்கும். இரண்டு முழு அட்டவணைகளுக்கு 4 ஜிபி வைத்துக்கொண்டால் நிம்மதி. சிபியு வாங்கும்போது கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். செய்தி வாங்கி அனுப்புவதற்கு பிஜிபிடியில் தனி இழைகள் இருந்தாலும், சிறந்த பாதையைத் தேர்வது ஒரே முக்கிய இழையில்தான் நடக்கிறது. போக்குவரத்தைக் கடத்தாத ரூட் ரிஃப்ளெக்டர் (உள் பிஜிபி பாதைகளை மற்ற ரௌட்டர்களுக்குப் பங்கிடும் ரௌட்டர்) என்றால் கெர்னலில் ஏற்றாதே என்ற விருப்பத்தோடு பிஜிபிடியைத் தொடங்கலாம். பெரிய சுமை குறையும்.

ஆர்பிகேஐ சரிபார்ப்பு (ஒரு பிரிஃபிக்ஸை அறிவிக்க அந்த ஏஎஸ்ஸுக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது) இருக்கிறது, ஆனால் தனி மாட்யூலாக. அந்தத் தொகுப்பை நிறுவி, ‘டீமன்ஸ்’ கோப்பில் பிஜிபிடி விருப்பங்களில் அதைச் சேர்த்து, பிஜிபிடியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ரூட்-மேப்பில் ‘இன்வாலிட்’ என்பதை மறுப்பதோடு நிறுத்துங்கள். ‘வாலிட்’ மட்டும் ஏற்பேன் என்று எழுதினால், சரிபார்ப்புச் சேவையகம் விழுந்த அன்று எல்லாம் ‘காணவில்லை’ என்றாகி அட்டவணையே காலியாகும்.

அன்றாடப் பராமரிப்பு

இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. விடிஒய் ஷெல்லில் எண்டர் தட்டியதும் கட்டளை அமலாகிவிடும். வழக்கமான நிலையில் கமிட் (மாற்றங்களைச் சேர்த்து உறுதிசெய்யும் படி) இல்லை, பின்வாங்கலும் இல்லை. தொலைவில் இருக்கும் ரௌட்டரில் வேலை செய்பவர் இதை மறந்தால் கதவைத் தாழிட்டுச் சாவியை உள்ளே வைத்த கதைதான். இது ஒத்துவராதவர்களுக்கு, எஃப்ஆர்ஆரின் மேல் கமிட் அடுக்கைச் சேர்த்துத் தரும் வையோஸ் பொருத்தம்.

கோப்பைத் திருத்தி ‘ரீலோட்’ செய்யும் வழி இதைவிட ஒழுங்கானது. ஓடும் அமைப்பையும் கோப்பையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் கட்டளைகளாக மாற்றிச் செலுத்துகிறது அந்தப் பைதான் நிரல். செலுத்துமுன் ‘டெஸ்ட்’ விருப்பத்தோடு ஓட்டி என்ன செய்யப்போகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு அண்டையின் அடிப்படை வரி மாறினால், அதை நீக்கி மறுபடி சேர்க்கும் கட்டளைகள் பட்டியலில் தெரியும். அமர்வு ஒருமுறை விழும் என்று பொருள். இரண்டு முறைகளையும் கலப்பதுதான் ஆபத்து. கையால் அழகாகக் குறிப்புரைகள் எழுதி வைத்த கோப்பின் மேல், யாராவது ஷெல்லில் ‘ரைட் மெமரி’ அடித்தால் குறிப்புரைகள் அத்தனையும் போய்விடும். கோப்பை, மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் வையுங்கள், ஷெல்லைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மேம்படுத்தல் என்றால் மறுதொடக்கம். ஜீப்ரா நின்றால் தான் ஏற்றிய பாதைகளைக் கெர்னலிலிருந்து எடுத்துவிடும். கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை (பாதைகளை வைத்துக்கொண்டே மறுதொடங்கும் வசதியை) பிஜிபியிலும் ஜீப்ராவின் தொடக்க விருப்பங்களிலும் இரண்டு இடத்திலும் அமைத்தால் மட்டுமே இடைவெளி தெரியாமல் கடக்கலாம். அதைவிட எளிது, இரண்டு ரௌட்டர்கள் வைத்து ஒன்றிலிருந்து போக்குவரத்தை முன்கூட்டியே விலக்கிவிட்டு மேம்படுத்துவது.

ஆவணங்கள் சீராக இல்லை. பிஜிபி பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. வேறு சில டீமன்களுக்குக் கட்டளைப் பட்டியலைத் தாண்டி ஒன்றுமில்லை. இயல்பு மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால் பழைய குறிப்புகளை அப்படியே நம்பக் கூடாது. லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷனோடு வரும் பதிப்பு பழையதாக இருக்கலாம். திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவுங்கள்.

போட்டியாளர் என்று சொன்னால் செக் நாட்டின் சிஇசட் நிக் உருவாக்கும் பேர்டுதான். இணையப் பரிமாற்ற மையங்களின் ரூட் சர்வர்களில் (பாதைகளைப் பங்கிடும் சேவையகங்களில்) அதையே அதிகம் பார்க்கலாம். அதன் வடிகட்டி மொழி, நிபந்தனைகளும் செயற்கூறுகளும் கொண்ட முழு நிரல் மொழிபோல இருக்கும். நூறு அண்டைகளுக்கு நுணுக்கமான கொள்கை எழுத எஃப்ஆர்ஆரின் ரூட்-மேப்பைவிட அது பல மடங்கு மேல். 2024 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு பல இழைகளிலும் ஓடும். ஆனால் சிஸ்கோ பாணிக் கட்டளைகள் கைவந்தவர்கள், இவிபிஎன் (பிஜிபி வழியாக இணைக்கும் மெய்நிகர் வலையமைப்பு) தேவைப்படும் தரவு மையக்காரர்கள் எஃப்ஆர்ஆர் பக்கமே வருவார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை: லினக்ஸ் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் பிரித்த தனி வலையமைப்பு) மூன்று, அவற்றை முக்கோணமாக இணைக்கும் மெய்நிகர் கம்பிகள் மூன்று. ஒன்றில் பேர்டு, இரண்டில் எஃப்ஆர்ஆர். ஒரு கம்பியைத் துண்டித்துவிட்டு, மேலே சொன்ன ஓரக்குறிகள் எந்த வரிசையில் மாறுகின்றன என்று பாருங்கள்.